மூன்றாம் எண்

ஜெலுத்தோங்கில் கடல் ஏறும் நாட்களில்
என் கடைவாசல் சாக்கடை பின்னோக்கி ஓடும்.
அந்தத் தண்ணீரில்தான் அவன் நின்றான்,
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்,
முதுகில் எழுத்துப் போட்ட பச்சை மேற்சட்டை.

கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து பார்த்தேன்.
அந்தத் தோள்களை எனக்குத் தெரியும்.
கேமராப் பதிவில் பதினொரு தடவை பார்த்திருக்கிறேன்:
விடிகாலை மூன்று பத்து,
கடப்பாறையோடு ஒரு முதுகு,
மூன்றாம் எண் சலவை இயந்திரத்தின் காசுப் பெட்டியைத்
தேங்காய்ப் பருப்பைப் போல நெம்பி எடுக்கிறது.

நூற்று எண்பத்தாறு வெள்ளி.
பூட்டும் தகடும் மாற்ற எழுநூறு.
இரண்டு வாரம் மின்விசிறிச் சத்தத்துக்கும்
விழித்துக்கொண்டேன்.
அதற்கு ரசீது இல்லை.

மூன்று மாதம், நாளுக்கு நான்கு மணி நேரம்,
ஊருக்கு வேலை, சிறை வேண்டாம் என்றது கோர்ட்டு.
‘காத்து வாங்க அனுப்புறான்’ என்றார்
பக்கத்து இரும்புக்கடை ஆ ஹுவாட்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு வேறொரு கணக்கு இருந்தது.

என் தம்பி பத்மநாதன் உள்ளே போனது
ஒரு மோட்டார் சைக்கிளுக்காக.
பதினெட்டு மாதம்.
திரும்பியவனுக்கு முன்பல் இரண்டு இல்லை,
புதிதாக நண்பர்கள் இருந்தார்கள்.
வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம்
அவனுக்கு முன்பே அவன் கதை போய்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.
இப்போது எங்கே இருக்கிறான் என்று
தீபாவளி அன்று மட்டும்
வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அவனுக்கு எவரும் பச்சைச் சட்டை நீட்டவில்லை.
அதனால்தான் இந்தப் பையனைப் பார்க்க
வயிறு எரிந்தது.
திருடினான் என்பதற்காக அல்ல,
ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ச்
சோறு தின்கிறான் என்பதற்காக.

ஐந்தாம் வாரம், படியேறாமல்,
சேற்றுக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னான்:
‘அக்கா, மூணாம் நம்பர் பூட்டு இன்னும் சரியில்ல.
கீழ ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கான்.’
ஆ ஹுவாட்டிடம் சொன்னேன்.
சிரித்துச் சிரித்து இருமினார்.
கடை அடங்கிய பிறகு தனியாகப் போய்க் குனிந்தேன்.
என் சுண்டுவிரல்
முழுசாக உள்ளே போனது.

அட்டையில் நேரம் எழுத வரும் அதிகாரி சுரைனி
ஒருநாள் என்னிடம் கேட்டார்,
புகார் ஏதும் உண்டா என்று.
‘சாக்கடை சுத்தமா இருக்கு.’
அதற்கு மேல் வாயில் வரவில்லை.
மன்னித்துவிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை.
நல்ல மனுஷி.
இரவில் நான் இன்னும்
இரண்டு தடவைதான் எண்ணுகிறேன்.

கடைசி நாள்.
மேற்சட்டையைத் துவைத்துத் திருப்பித் தரச்
சொல்லியிருந்தார்களாம்.
பெயர் யுகேந்திரன் என்று அன்றைக்குத்தான் சொன்னான்,
வழக்குத் தாளில் நான் படிக்காதது போல.
நான் துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, எல்லாம் காலி.
அவன் மூன்றுக்குப் போனான்.
பத்து ஐம்பது காசுகள்.
ஒவ்வொன்றாக விழுவதைக் கேட்டேன்.
எண்ணவில்லை என்றால் பொய்.

முப்பத்திரண்டு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.
எந்த அட்டையிலும் ஏறாத நேரம்.
அவன் நெம்பிய நாளிலிருந்து
கடைசிச் சுழற்சியில் அந்த இயந்திரம் குதிக்கும்,
இடம்விட்டு நகரும்.
எழுந்து போனான்.
அதன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து
அழுத்திக்கொண்டு நின்றான்,
அது அடங்கும் வரை.